சத்தம் வருகிறதா என்று பார்த்த வேலை

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை. அதுவும் வங்காளப் பள்ளியில். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தது. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். நான் கொல்கத்தாவிலேயே பிறந்தவன். சில்லறை எண்ணினால் வாய் தானாக வங்காளத்தில் எண்ணும்.

சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். தலைமை அலுவலகம் சென்னையில். எங்களுடையது சின்னக் கிளை, ஒரு மாடியில் பாதி. டீ போடுவது, தண்ணீர் கேன் மாற்றுவது, ஜெராக்ஸ் எடுப்பது, கூரியர் வாங்கி வைப்பது என் வேலை. நாற்பது வயதிலும் அந்த வேலைக்குப் பெயர் ஆபீஸ் பாய்தான். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் தாதா. வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள். நம் சினிமாவில் வருகிற தாதா இல்லை. இவர் ஒல்லி, கண்ணாடி, ஜோல்னாப் பை. ஆபீஸில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் சர்வரும் அவர் பொறுப்பு. ஜாதவ்பூரில் படித்தவர், ஜாதவ்பூரிலேயே வீடு. நான் முன்பு கூரியர் கம்பெனியில் இருந்தேன். அது மூடிப்போனபோது, தினமும் கையெழுத்துப் போட்டுப் பார்சல் வாங்கிய பழக்கத்தில் அவர் இந்தக் கிளை மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். நான் கேட்கவும் இல்லை.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரைக் கண்டால் பிடிக்காது. எல்லாம் ஓபன் சோர்ஸாக இருக்க வேண்டும். அது என்ன என்று ஒரு நாள் கேட்டேன். அவர் பேசுவது வங்காளம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மிட்டாய்க் கடைக்குப் போற. சந்தேஷ் வாங்குற. பின்னாடி எப்படிக் கிண்டுறான்னு பாக்க விடுவானா?"

"விடமாட்டான்."

"ஒருத்தன் விடறான்னு வெச்சுக்க. உள்ள வா, பாரு, உனக்குச் சக்கரை அதிகமா வேணுமா, நீயே போட்டுக்கங்கறான். எடுத்துட்டுப் போய் உன் கடையில வித்துக்கங்கறான். அதான் ஓபன் சோர்ஸ்."

"அவன் கடை எப்படி ஓடும்?"

அவர் சிரித்தார். "அதத்தான் எல்லாரும் கேக்கறாங்க, அன்னா."

என்னை அன்னா என்றுதான் கூப்பிடுவார். ணகரம் அவர்களுக்கு வராது. தெற்கத்தியான் எல்லோரும் அங்கே அன்னா.

சென்னையும் கொல்கத்தாவும் வாரம் ஒரு தடவை வீடியோவில் மீட்டிங் போடும். அதற்குக் காசு கட்டும் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. லைசன்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் சென்னை யோசித்தது. இலவசமாக ஏதாவது உண்டா என்று தாதாவிடம் கேட்டார்கள். இருபது வருடமாக அவர் காத்திருந்த கேள்வி அது. அன்று மாலை ஆபீஸுக்கு அவர் செலவில் ரசகுல்லா வந்தது.

நாலு சாஃப்ட்வேர் எடுத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். படம் உடைகிறதா, சத்தம் வருகிறதா, நாலு பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா. தாதா சர்வர் அறையில் இருக்க வேண்டும். எஞ்சினியர் பையன்கள் சீட்டை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். கேமரா முன்னால் உட்கார ஓர் ஆள் வேண்டும். நான் உட்கார்ந்தேன்.

மீட்டிங் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் தலையில் கிளிப் போட்ட கேமரா. காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். மறுமுனையில் சென்னை. அங்கே இரண்டு பேர். ஒருவர் கொஞ்சம் கனத்த மேனேஜர், நெற்றியில் சந்தனம். இன்னொருத்தி எஞ்சினியர் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், தலையில் பூ. அவள்தான் அந்தப் பக்கத்தில் சோதித்துப் பார்த்து எழுதுகிறவள்.

தாதா எனக்குச் சொன்னது: "ஒண்ணும் பேச வேணாம். நம்பர் சொல்லு. கைய ஆட்டு. போதும்."

நான் "ஏக், துய், தின்" என்றேன். கையை ஆட்டினேன்.

சாஃப்ட்வேர் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன். முதலில் வந்தது ஒற்றைக்காது. சென்னை பேசுவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசுவது சென்னைக்குக் கேட்கவில்லை. நடுவில் ரவுட்டர் ஏதோ தடுக்கிறது என்று தாதா ஒயரோடு சர்வர் அறைக்கு ஓடினார். நான் நம்பர் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர்களுக்கு என் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. லைனே வரவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"யாரும்மா இவன்? எருமைமாடு மாதிரி பாத்துட்டு உக்காந்திருக்கான்."

"பியூன் போல சார்." அந்தப் பெண் சிரித்தாள். வாயைக் கையால் மறைத்துச் சிரித்தாள்.

"அந்தப் பெருசு எங்க?"

"சர்வர் ரூமுக்குப் போயிருப்பார் சார். பாவம், நாலு நாளா இதே வேலையா இருக்கார்."

"பாவம் பாத்தா ஆவுமா? இது மட்டும் செட் ஆயிடட்டும். ஸ்கிரீன ஷேர் பண்ணச் சொல்லி அவருக்குத் தெரிஞ்சத எல்லாம் வாங்கிக்க. அப்புறம் சர்வர இங்கருந்தே பாத்துக்கலாம். அவருக்கு எதுக்குச் சம்பளம்?"

"அவருக்குத் தெரியுமா சார்?"

"தெரிஞ்சா செஞ்சு குடுப்பாரா?"

நான் நம்பர் சொல்வதை நிறுத்தவில்லை. எதுவரை சொன்னேன் என்று நினைவில்லை. முகம் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். என் முகம் எதற்கும் மாறாது என்று என் மனைவி சொல்வாள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் செய்தது எனக்குப் புதிது இல்லை. கொல்கத்தாவில் இருக்கிற தமிழ்க் குடும்பம் எல்லாம் செய்வதுதான். எங்களுக்குத் தமிழ் ஒரு திரைச்சீலை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றி அவன் முகத்துக்கு நேராகப் பேசுவோம். கரியாஹாட் கடைத்தெருவில் சேலை பார்க்கும்போது என் மனைவி கடைக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் தமிழில், "இவன் மூஞ்சியில திருட்டுக் களை, பாதிக்குக் கேளு" என்பாள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று அவர் எதிரிலேயே பேசிக்கொள்வோம். யாருக்கும் புரியாது என்ற தைரியம். பிறந்ததிலிருந்து திரைக்கு உள்பக்கம் இருந்தவன் நான். அன்றுதான் வெளிப்பக்கம் நின்றேன்.

தாதா மூச்சிரைக்க வந்தார். "கீ போல்லோ?" என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்.

"நம்ம சத்தம் போகலயாம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

மிச்சத்தைச் சாயங்காலம் டீக்கடையில் சொன்னேன். எருமைமாட்டை விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சொன்னேன். அவர் மண் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். டீ ஆறிவிட்டது.

"சரியாக் கேட்டியா?"

"என் பாஷை தாதா."

"உன் பாஷை" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது. நானே போய் அவரை வேலையை விட்டு எடுத்த மாதிரி இருந்தது.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. செக்டர் ஃபைவில் எந்தக் கண்ணாடிக் கட்டிடத்தில் ஏறினாலும் உள்ளே இருக்கிறவன் அவர் பையன் வயதில் இருப்பான். போனால் போகட்டும், வேறு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வயது இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆறின டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கேட்டார். "நீ மாத்ராஜின்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வங்காளத்துல நம்பர் சொன்னேன், அதுவும் அவங்களுக்குக் கேக்கல."

"சொல்லாத."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் கேமரா முன்னால் உட்கார வேண்டியது. அவர்கள் தமிழில் பேசுவதைக் கேட்க வேண்டியது. வந்து அவரிடம் சொல்ல வேண்டியது. டீ கொடுக்கிறவனுக்கு இன்னொரு வேலை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமல் கேட்டாள்.

"அப்போ உனக்குச் சம்பளம் டீ குடுக்கறதுக்கா, ஒட்டுக் கேக்கறதுக்கா?"

"ஒட்டுக் கேக்கல. காதுல மாட்டி விட்டிருக்காங்க."

"மாட்டிவிட்டா? நீ தமிழன்னு வாயத் தொறந்து சொன்னா அவங்க ஏன் பேசப்போறாங்க? அந்தப் பொண்ணு நம்ம ஜனம். தலையில பூ வெச்சுக்கிட்டு ஏதோ பேசுது. அத ஒண்ணுவிடாம கொண்டுபோய் அவர்கிட்ட ஊதற."

"வேலை வாங்கிக் குடுத்தவரு."

"நான் இல்லேன்னா சொன்னேன்? அப்போ அவருக்காக அந்த மேனேஜர்கிட்ட நேரா நின்னு சண்ட போடு. இது என்ன, மரத்துக்குப் பின்னாடி நின்னு பாக்கற வேலை."

பக்கத்து வீட்டு பௌதி உப்பு கேட்டு வந்தாள். பௌதி என்றால் அண்ணி. என் மனைவி அவளைப் பார்த்துச் சிரித்து, உப்பை எடுத்துக்கொண்டே என்னிடம் தமிழில், "இவ வேற நேரங்காலம் தெரியாம" என்றாள். சொன்ன பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். அன்று மீன் சாப்பிட முடியவில்லை.

இரண்டாவது சாஃப்ட்வேர் கரும்பலகை. அதில் படத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பலகை மாதிரி ஒன்று வரும். எழுதலாம், கிறுக்கலாம். எல்லோர் திரையிலும் தெரியும். அந்தப் பெண் ஒரு பூ வரைந்தாள். எனக்கு மவுஸ் என்கிற எலியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நான் ஒரு வட்டம் போட்டேன். அது கோழிமுட்டை மாதிரி வந்தது.

"பாருங்க சார், முட்டை போட்டிருக்கார்" என்றாள் தமிழில்.

"அவனோட மார்க்கா இருக்கும்" என்றார் மேனேஜர்.

சர்வர் திணறியது. நாலு பேர் சேர்ந்ததும் படம் நின்றுவிட்டது. தாதா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரிசெய்யலாம், இரண்டு நாள் ஆகும் என்றார். பிறகு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் சென்னைக்கு மெயில் போனது. சரிசெய்ய முடியாது, அடுத்ததைப் பார்க்கலாம் என்று.

எஞ்சினியர் பையன் ஒருவன் அந்த மெயிலைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னான். "தாதாவுக்கு என்ன ஆச்சு? அவரே ஓபன் சோர்ஸத் திட்டி எழுதறாரு."

நான் தட்டில் டம்ளர்களை அடுக்கினேன்.

எனக்குப் புரிந்தது. தேர்ந்தெடுக்கும் வேலை முடியாமல் இருக்கும்வரை அவர் வேலை இருக்கும். ஒன்றைச் சரி என்று சொன்னால் அன்றே கணக்கு முடிந்தது. ஆகவே எதுவும் சரியாக இருக்கக் கூடாது. இத்தனை வருடம் எதை நல்லது நல்லது என்று ஊரெல்லாம் சொன்னாரோ, அதைக் கெட்டது என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். அதைச் செய்யும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார், நான் என்ன கேட்டேன் என்று தெரிந்துகொள்ள. அதற்கு நான் வேண்டியிருந்தேன்.

மூன்றாவது நத்தை. பழைய கம்ப்யூட்டரில் அது திறப்பதற்குள் நான் ஒரு சுற்று டீ கொடுத்துவிட்டு வரலாம். அதைப் பற்றி அவர் பொய் எழுதத் தேவைப்படவில்லை. அந்த வாரம் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்.

அதற்குள் அந்தப் பெண் எனக்குப் பழகிவிட்டாள். அவளுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவளைத் தெரியும். அவள் அம்மாவுக்கு மூட்டு வலி. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பே இல்லை. மேனேஜர் அறையை விட்டுப் போனதும் அவர் நடப்பதைப் போலத் தோளை ஆட்டிக் காட்டுவாள், பக்கத்தில் இருக்கிற இன்னொருத்திக்கு. நான் கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை சிரிப்பு வந்துவிட்டது. இருமினேன்.

இதில் பாதியை நான் தாதாவிடம் சொல்லவில்லை. மூட்டு வலியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நானே பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் திருடினவன், கொலுசை எடுத்தேன், தாலியைத் தொடவில்லை என்கிற மாதிரி.

ஒரு நாள் மேனேஜர் சொன்னார். "இந்தப் பெருசு வேணும்னே இழுக்கறாரோன்னு தோணுது. நாலாவது ஒண்ணு இருக்குல்ல? அதுலயும் நொட்டை சொன்னார்னா, நீயே டெஸ்ட் பண்ணி எழுதிரு. நீ ஓகேன்னா ஓகே."

அதையும் வந்து சொன்னேன். தாதா தலையை ஆட்டினார்.

நாலாவது வந்தது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. வைக்க நேரம் வரவில்லை.

அதை வைத்த அன்று சாயங்காலம் மேகமூட்டம், மழை வரும்போல இருந்தது. மழை என்றாலே எங்கள் லைன் இழுக்கும். படம் வராது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். திறந்த உடனே வந்துவிட்டது. உடையாமல், நடுங்காமல். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகன் வேல் தெரிந்தது. சத்தம் பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவது போல இருந்தது.

தாதா என் பின்னால் நின்றார். அன்று சர்வர் அறைக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார். என் தோளில் கை வைத்தார்.

"தேக், தேக்" என்றார். பார், பார் என்று. சின்னப் பிள்ளை மாதிரி. "நாலு பேர் சேந்தாலும் தாங்குது பாரு. காசு கட்டினதுல வந்துச்சா இப்படி? சொன்னேன் இல்ல? இத்தன வருஷமா சொன்னேன் இல்ல?"

அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்தது. கையை எடுத்தார். மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எக்கோ இருக்குன்னு சொல்லு."

"எக்கோ இல்லையே தாதா."

"நம்ம பக்கம் எக்கோ வருதுன்னு சொல்லு. அவளால அத அங்கருந்து பாக்க முடியாது. ஒரு மாசம் ஓட்டலாம்."

அவர் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். நான் மைக்கைத் திறந்தேன். "எக்கோ, எக்கோ" என்றேன். காதைத் தொட்டுக் காட்டினேன். நல்லா நடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். நான் மறுபடி "எக்கோ" என்றேன். அவள் சலித்துக்கொண்டாள். குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். பிறகு மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தாள். பேப்பரைத் தூக்கிப் பார்த்தாள், கீபோர்டைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"கண்ணாடிய எங்க வெச்சேன்? இப்பத்தானே போட்டிருந்தேன்."

"தலை மேல இருக்குதும்மா" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை. வீட்டில் என் மனைவி தேடும்போது எப்படிச் சொல்வேனோ அப்படி.

அவள் கை தலைக்குப் போனது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "தேங்க்ஸ்ண்ணா" என்று சொல்லிக் குனிந்து எழுதப் போனாள். பேனா நின்றது. நிமிர்ந்து திரைக்குக் கிட்டே வந்தாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது.

"நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

"ஆரம்பத்துலருந்தா? இல்ல, நான் என்ன கேக்கறேன்… இவ்வளவு நாளா எல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எருமைமாடுன்னு…"

"அது பரவால்லம்மா."

"நான் சிரிச்சேன்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது. அவ்வளவு தெளிவான படம். நான் குனிந்து மேஜையைப் பார்த்தேன். அவள் என்னைப் பற்றிப் பேசியது எனக்குத் தெரியும் என்று அவளுக்கு வெட்கம். அவளுக்குத் தெரியாமல் அவளோடு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது எனக்கு வெட்கம். என்னுடையதுதான் பெரியது. அவள் பேசிச் சிரித்தாள், அவ்வளவுதான். நான் உட்கார்ந்து சேர்த்துவைத்தேன்.

பிறகு கையை எடுத்தாள். "அவருக்குத் தெரியுமா? வேலை விஷயம்?"

"தெரியும்."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் இல்லை. குரலை இறக்கினாள். "எக்கோ இல்லதானேண்ணா?"

நான் தாதாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் வேணா எக்கோ இருக்குன்னே எழுதிடட்டுமா? சார் என்னைத்தான் கேப்பார். அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் எழுதிடறேன்."

தாதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்தவர் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றார். "கீ போல்லோ?"

வங்காளத்தில் சொன்னேன். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், அவள் என்ன செய்யத் தயார் என்று. அன்று ஒன்றையும் விடவில்லை. எருமைமாட்டையும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்கு மட்டும் அவர் நிமிர்ந்தார். "அத ஏன் முன்னாடியே சொல்லல?"

"அது உங்க விஷயம் இல்ல தாதா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் திரையில் காத்திருந்தாள். அவள் வயதில் அவருக்கு ஒரு பெண் இருந்தாள்.

"எந்திரி" என்றார்.

எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். இத்தனை நாளில் கேமரா முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இங்கிலீஷில் பேசினார். அது எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனாலும் சின்ன வார்த்தைகளாகப் பேசினார், அதனால் புரிந்தது. எக்கோ இல்லை. நாலில் இதுதான் நல்லது. அப்படியே எழுது. இரண்டாவதைக்கூடச் சரிசெய்திருக்கலாம், நான் செய்யவில்லை, அதையும் எழுது.

அவள் என்னவோ சொல்லப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கினார்.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "வாய் தவறிடுச்சு தாதா."

"கண்ணாடி தலையில இருந்தா சொல்லாம எப்படி இருப்ப?" என்றார். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. பிறகு ஒன்று சொன்னார். "நான் உன்ன அங்க உக்கார வெச்சிருக்கக் கூடாது." அதைச் சொன்னதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன்.

சொல்லிக்கொடுக்கும் வேலை சில வாரம் நடந்தது. அந்த நாலாவதிலேயே. அவர் திரையை அந்தப் பெண்ணுக்குக் காட்டி, ஒவ்வொரு சர்வராகத் திறந்து, எது எங்கே இருக்கிறது என்று சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். நான் டீ வைத்துவிட்டு வருவேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். அவள் அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். எந்த முகத்தோடு கேட்பது?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தாதா ஜோல்னாப் பையில் அவருடைய கீபோர்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சொந்தக் காசில் வாங்கியது. லிஃப்ட் வரை போனேன். பையை நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

என் வேலை போகவில்லை. டீயைச் சென்னையிலிருந்து போட முடியாது. மீட்டிங் அன்று கம்ப்யூட்டரைத் திறந்து, கேமராவைச் சரியாகத் திருப்பி, சத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. அதற்குச் சம்பளம் கொஞ்சம் கூடியது. வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் வீடு இல்லை. மனைவியிடம் தனியாகச் சொல்லவில்லை. சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு மீட்டிங் தொடங்கும் முன் திரையில் என்னைப் பார்த்து, "என்னய்யா, தமிழாமே? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "எந்த ஊரு?"

அப்பாவின் ஊரைச் சொல்லியிருக்கலாம். வேலூர் என்று சொன்னால் அடுத்து வேலூரில் எங்கே என்று கேட்பார், யாரையாவது தெரியுமா என்று கேட்பார். சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

"கொல்கத்தாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு மீட்டிங் அறையில் நான் இருந்தால் சென்னைக்காரர்கள் தமிழ் பேசுவதில்லை. தமிழில் ஏதோ ஆரம்பிப்பார்கள். டீத்தட்டோடு நான் தெரிந்ததும் பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விடுவார்கள், தங்களுக்குள்ளேயே. மீட்டிங்கில் எங்கள் எஞ்சினியர் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். வங்காளப் பையன்கள். அவர்களுக்குத் தமிழ் போனாலும் தெரியாது, வந்தாலும் தெரியாது. அவர்களைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்று கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன். ஒருவன் வந்து கேட்கவும் செய்தான். "அன்னா, நீ உள்ளேயே இருயேன். எங்களப் பத்தி ஏதாவது பேசினா சொல்லு."

"எனக்கு டீ வேலை இருக்கு" என்றேன்.

டீயை வைத்துவிட்டு, சத்தம் வருகிறது என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவேன். கண்ணாடிக் கதவு. சாத்திய கொஞ்ச நேரத்தில் திரையில் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொள்வது தெரியும். வாய் அசையும். நான் பேன்ட்ரிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் கழுவுவேன்.